காறி விழுங்கிய கொடுவாள்

நெருஞ்சிப்பாளையத்து வியாழக்கிழமைச் சந்தையில் கொடுவாள்கள் மனுஷர் கையில் துப்ப ஆரம்பித்த வருஷம் மழை நன்றாகப் பெய்திருந்தது, கத்தரிக்காய்க்கு விலை இல்லை, பஞ்சாயத்துத் தலைவர் அதே சாக்கடைக்கு மறுபடியும் பூமி பூஜை போட்டிருந்தார். ஆகவே அந்த ஊரில் அது பெரிய சேதியாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. வங்கி மேனேஜர் ஒருவர், வீட்டு வாசல் முருங்கைக் கிளையைக் கழிக்கவென்று, தார்ப்பாய் விரித்து இரும்புச் சாமான் விற்கும் சென்னியப்பனிடம் வந்து, ஒரு கொடுவாளைப் பேனாவைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். கொடுவாள் தொண்டையைச் செருமியது. பிறகு அலகும் பிடியும் சேருமிடத்திலிருந்து, தூ என்று, துருவின் நிறத்தில், புளியங்கொட்டை அகலத்துக்கு அவர் உள்ளங்கையில் துப்பியது. அந்தக் கறை சோப்புக்குப் போகவில்லை, சீமெண்ணெய்க்குப் போகவில்லை. அடுத்த சந்தைக்குள் தானாக வெளிறியது.

அன்றைக்கு ஊர் சிரித்த சிரிப்பில் வாழைத்தார் ஏற்றி வந்த வண்டியின் மாடுகள் மிரண்டன. அடுத்த வாரம் அரிசி மில் முதலாளி எடுத்துப் பார்த்தார், துப்பியது. பள்ளிக்கூடத் தாளாளர் எடுத்தார், துப்பியது. எல்லா நோவுக்கும் ஒரே ஊசி போடும் டாக்டர் எடுத்தார், இரண்டு தடவை துப்பியது. கரும்பு வெட்டுகிறவன் எடுத்தான், கொடுவாள் வாயே திறக்கவில்லை. ஆடு மேய்க்கிறவள் எடுத்தாள், தூங்குகிற பூனை மாதிரி அவள் கையில் கிடந்தது. வேறு எந்த ஊராக இருந்தாலும் இதிலிருந்து ஏதாவது புரிந்துகொண்டிருக்கும். நெருஞ்சிப்பாளையம் புரிந்துகொண்டது இதைத்தான்: துப்பு வாங்கியவர்களெல்லாம் பெரிய மனுஷர்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து ஆக்லாந்திலிருந்து பெட்டியோடு வந்திறங்கிய கோகிலாமணிக்கு இதையெல்லாம் ஆளாளுக்குச் சொன்னார்கள், பெருமையாகச் சொன்னார்கள், அவள் முகம் போன போக்கைப் பார்த்து அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டும் சொன்னார்கள். கறை பட்ட கைக்காரருக்குக் கல்யாணப் பந்தியில் முதல் வரிசை என்று ஆனதும், கோயிலில் திருநீறு முதலில் அந்தக் கைக்கு என்று ஆனதும், பெண் கொடுக்கப் போகிறவர்கள் ஜாதகத்தைத் தள்ளி வைத்துவிட்டு மாப்பிள்ளையின் தகப்பன் கையைத் திருப்பிப் பார்க்கிற வழக்கம் வந்ததும், கறை இல்லாதவர்கள் செங்காவியைக் குழைத்துப் பூசிக்கொண்டு போய் மாட்டிக்கொண்டு அடி வாங்கியதும், பிறகு அவர்களும் சூட்சுமம் தெரிந்து, மண்வெட்டியை எறிந்து, களைக்கொத்தை எறிந்து, காய்ப்பு உரிந்து கை பூப்போல ஆகிற வரைக்கும் மாதக் கணக்கில் மடக்கி வைத்து உட்கார்ந்து, கடைசியில் ஒரு வியாழக்கிழமை கொடுவாள் தங்கள் மேலும் துப்பிவிட்டது என்று மேளம் அடித்துப் பொங்கல் வைத்ததும் எல்லாம் அந்த ஒன்றரை வருஷத்தில் நடந்திருந்தன.

இப்படியாக ஊரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார, மலையடிவாரத்திலிருந்து உண்ணிச்செடி இறங்கி வந்தது. அவசரமில்லாமல் வந்தது. முதலில் தோட்டங்களை எடுத்துக்கொண்டது, பிறகு வண்டிப்பாதையை, பிறகு பள்ளிக்கூட மைதானத்தை, பிறகு பஸ் திரும்புகிற இடத்தை. பஸ் வளைவோடு நின்றுவிட, ஜனங்கள் முள்ளுக்குள் குனிந்து நடந்து போய் ஏறினார்கள். பஞ்சாயத்தில் 'பசுமை ஊர்' என்று ஒரு பலகை வைத்தார்கள். அந்தப் பலகையையும் செடி மூடியது.

கோகிலாமணிக்கு நாற்பத்தெட்டு வயது. கப்பல் கிடங்கு ஒன்றில் இருபது வருஷம் பெட்டிகளை எண்ணியவள். புருஷன் என்று ஒருவன் இருந்து விலகிப் போய்விட்டான், பிள்ளை இல்லை. அவளுக்கு இனிமேல் என்று இருந்தது அப்பாரு விட்டுப்போன மேக்காடு ஒன்றுதான். மலையை ஒட்டிய மூன்று ஏக்கர், பக்கத்தில் ஓர் ஓடை. அதில் பங்கு அவளுடையது என்று சட்டம் சொன்னது, இல்லை என்று அண்ணன் தெய்வசிகாமணி சொன்னார். நிலத்தைத் தருவதாக ரிசார்ட் கட்டுகிறவர்களிடம் அவர் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார். கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்பு வருவதற்குள் அவளுக்குத் தலையில் ஒரு கறுப்பு முடி மிஞ்சாது என்பது இருவருக்கும் தெரியும்.

தெய்வசிகாமணிக்குப் பருத்த உடம்பு, வெள்ளைச் செருப்பு, ஊரிலேயே மிக அழுத்தமான கறை. வாராவாரம் போய்ப் புதுப்பித்துக்கொள்வார். யாரிடம் பேசினாலும் வலது உள்ளங்கையை ஆசீர்வாதம்போலக் காட்டிக்கொண்டே பேசுவார். அவள் வந்த பிறகு கூடிய முதல் சந்தையிலும் அப்படித்தான் பேசினார், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி.

"மேக்காட்டுல உண்ணிச்செடியும் பாம்பும்தான் இருக்குது அம்மிணி. நீ அதை வெச்சு என்ன பண்ணப்போறே?"

"டென்ட் போட்டு இருப்பனுங்கண்ணா. கொஞ்சங் கொஞ்சமாத் திருத்திக்குவேன்."

"டென்ட்டா!" அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்கோங்கப்பா, எங்க அம்மிணி டென்ட் கொட்டாய் போடறாளாமா. சர்க்கஸ் என்னிக்கு ஆரம்பம்? சிங்கம் வருதா, நீ மட்டுந்தானா?"

ஜனங்கள் சிரித்தார்கள். சிரிப்பு தந்த தாராளத்தில் அவர் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டார்.

"சரி, இப்படிப் பண்ணலாம். ஆள் வெக்கக் கூடாது, மிசின் கூடாது. உன்ற கையால ஒரு டென்ட் போடற அளவு எடம் திருத்தி, அடுத்த சந்தை வரைக்கும் அங்கயே இருந்துபோடு. நானே மேல ஏறி வந்து கையெழுத்துப் போட்டுத் தர்றேன். முடியாமக் கீழ எறங்கீட்டீன்னா, கம்முனு எனக்குப் போட்டுக் குடுத்துட்டு ப்ளேன் ஏறிக்கோ. சாட்சிக்கு இவங்க ரெண்டு பேரு."

சாட்சிகளாகக் காட்டப்பட்ட அரிசி மில் முதலாளியும் தாளாளரும் கறை பட்ட கைகளைத் தூக்கினார்கள்.

"சரிங்கண்ணா," என்று சொல்லிவிட்டு அவள் நேரே சென்னியப்பனின் தார்ப்பாய்க்கு நடந்தாள். கூட்டமும் நடந்தது.

சென்னியப்பனுக்கு இரும்பைப் பற்றி எதுவும் தெரியாது. எங்கோ அடித்து லாரியில் வருவதை மூட்டை பிரித்து அடுக்குவான், அவ்வளவுதான். இப்போது அதுவும் இல்லை; ஒரு கொடுவாளை ஒரு தடவை பிடித்துத் துப்பு வாங்கிக்கொள்ளக் கட்டணம் வைத்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மின்விசிறி வைத்து, வரிசை நிறுத்தி, முதலாளியாகியிருந்தான்.

"ஒரு கொடுவாள் வேணும்," என்றாள் கோகிலாமணி.

"பிடிச்சுப் பார்க்கறதுக்குங்களா?"

"வெலைக்கு."

"வெலைக்குங்களா?" அவன் காதை அவளிடம் சாய்த்தான். "கொடுவாளையா? வாங்கி?"

"செடி வெட்டறதுக்கு."

அவன் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தான், யாராவது உதவிக்கு வருவார்களா என்று. பிறகு வியாபாரி புத்தி வேலை செய்ய, இருப்பதிலேயே நீளமானதை எடுத்து நீட்டினான். இரண்டு முழ நீளத்தில், மாவிலைபோல வளைந்து, நிக்கல் பூசிப் பளபளத்தது, ஐயனார் கையில் இருக்க வேண்டியது. "இதை எடுத்துக்கோங்க. இதைப் பார்த்தாலே செடி ஓடிப்போகும்."

கோகிலாமணி கிளம்புவதற்கு முன் ஒரு மாதம் கணினியில் இதைப் பற்றியே பார்த்தவள். முதல் கொடுவாளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் காட்டுக்குள் நின்று இங்கிலீஷில் மணிக்கணக்காகச் சொன்னதைக் கேட்டு, எஃகின் வகைகளையும் உறைகளின் வகைகளையும் மனப்பாடம் செய்து, கையுறை ஒரு ஜோடியும் வாங்கி வந்திருந்தாள். அத்தனையும் படித்தவள், அண்ணன் பார்க்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக அந்த இரண்டு முழத்தைக் கையில் வாங்கினாள். தூக்கியதும் மணிக்கட்டு கீழே மடங்கியது. கொடுவாள் ரொம்ப தூரத்திலிருந்து இழுத்துக் கொண்டுவந்ததுபோலக் காறி, தூ என்று துப்பியது.

கூட்டம் கை தட்டியது. ஒருவன் விசிலடித்தான்.

"எங்க ரத்தமல்லோ!" என்றார் தெய்வசிகாமணி, நிஜமாகவே சந்தோஷப்பட்டு. "பாத்தீங்களா, மொதல் தடவையே எவ்வளவு அகலம்! அம்மிணி, இந்தக் கைய வெச்சுக்கிட்டுக் காட்டுக்குப் போறேங்கறியே, அசிங்கமா இல்ல? வா, வீட்டுல ஒரு ரூம் ஒழிச்சுத் தர்றேன். அத்தைன்னு கௌரவமா இரு."

அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். இந்த ஊரில் மரியாதையாக இருப்பதற்குத் தேவையான அனைத்தும் அதில் இருந்தது. நீளக் கொடுவாளைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அது கோடாலிக்குப் பக்கத்துச் சொந்தம், விறகு பிளக்கிற கனம், துப்பியது. அடுத்தது காட்டுக்குள் சண்டை போடும் படைக்காரர்கள் வைத்திருப்பதுபோல ரப்பர் பிடியும் முதுகில் ரம்பப் பல்லுமாக இருந்தது. அது துப்பியதோடு நில்லாமல் ஏதோ முணுமுணுத்தது. கூட்டம் ஒவ்வொரு துப்புக்கும் கை தட்டி, பிறகு ஒரே பெண்பிள்ளைக்கு இவ்வளவு கௌரவமா என்று முகம் சுண்டத் தொடங்கியது.

அப்போதுதான் அவள் தார்ப்பாய் காற்றில் பறக்காமலிருக்க மூலையில் கல்லுக்குப் பதிலாக வைத்திருந்த ஒன்றைப் பார்த்தாள். முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும்கூட இல்லாத நீளம், மெல்லிய அலகு, நேரான முதுகு, மூக்கு மட்டும் கொஞ்சம் உள்வாங்கி வளைந்திருந்தது. மரப்பிடி. நுனிப்பக்கம் பிடி சற்றுப் பருத்திருந்ததால் வியர்த்தாலும் சுண்டுவிரலை விட்டு நழுவாது. எடுத்தாள். ஈ விரட்டுவதுபோல மெதுவாக இப்படியும் அப்படியும் வீசினாள். கனம் தானாகவே நுனிக்குப் போய்த் தானாகவே திரும்பி வந்தது, மணிக்கட்டு அதற்குப் பின்னால் ஓட வேண்டியிருக்கவில்லை.

கொடுவாள் காறியது. எல்லோருக்கும் கேட்டது. வாய்க்குள் வைத்துக்கொண்டு யோசித்தது. அவள் கட்டைவிரல் பிடியைச் சுற்றி இறங்குவதையும், கால் ஒன்று தானாகப் பின்னால் தள்ளிக்கொள்வதையும் பார்த்துக்கொண்டு, நேரம் எடுத்துக்கொண்டு யோசித்தது. பிறகு விழுங்கியது.

கை தட்டிக்கொண்டிருந்தவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். தெய்வசிகாமணி தங்கையின் பக்கத்திலிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

"அதைக் கீழ வெச்சுப்போடு அம்மிணி," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஊரு பாக்குது."

"இது என்ன வெலைங்க?" என்று அவள் சென்னியப்பனைக் கேட்டாள்.

"அதுக்கு எப்படீங்க வெலை சொல்றது," என்றான் அவன் கூசிப்போய். "எடுத்துட்டுச் சீக்கிரம் போயிருங்க. யாவாரம் கெட்டுப்போகும்."

அவள் டென்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடை வழியாக ஏறினாள். தண்ணீருக்குள் செடி வராது என்பதால் அதுதான் வழி. மேக்காட்டில் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு ஒன்றோடொன்று கொக்கி போட்டு நின்றது, நடுவே காட்டாமணக்கு, தரையில் தொட்டாச்சிணுங்கி. முதல் நாள் அவள் முட்டாள்தனமாகத்தான் வெட்டினாள். தோளிலிருந்து ஓங்கி, தண்டின் நடுவில் போட்டாள், தண்டு வளைந்து கொடுத்து முகத்தில் அடித்தது, கொடுவாள் உடனே உள்ளங்கையில் ஒன்று துப்பியது. காலுக்கு நேராக வீசினாள், துப்பியது. களைத்துப்போய் வெறுமனே சுழற்றினாள், துப்பியது. "போதும் நிறுத்து," என்று அவள் அதைத் திட்டினாள். அண்ணனோடு பேசுவதைவிட அதோடு பேசுவது எளிதாக இருந்தது; அதனுடைய இகழ்ச்சிக்காவது காரணம் இருந்தது. மூக்கால் கொத்தாகக் கொக்கியிட்டு இழுத்து, இழுவிசையில் தண்டு விறைக்கும்போது அடியோடு சாய்வாகப் போட்டால் ஒரே வெட்டில் வரும் என்பதும், மிஞ்சும் அடிக்குச்சியைத் தரையோடு மட்டம் செய்யாமல் கூராக விட்டால் அது நாளைக்கு உன் பாதத்தைத் தேடி வரும் என்பதும், பச்சைத்தண்டுக்குப் பலம் வேண்டாம், வேகம் போதும் என்பதும் துப்பு வாங்கி வாங்கித்தான் அவளுக்குத் தெரிந்தது. கையுறை வழுக்கியதால் அதை முதலிலேயே கழற்றி எறிந்திருந்தாள். டென்ட் போடுகிற அளவு வெளி கிடைத்தது, பிறகு அடுப்புக்கு, பிறகு ஓடை வரைக்கும் ஒரு தடம். கொப்புளம் வந்து உடைந்து, கறையோடு உரிந்து, அதற்கடியில் புதுத்தோல் கனத்தது. பயமாக இருந்தது, முதுகு செத்துப் போயிருந்தது, ஊருக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாமா என்று தினமும் ஒரு தடவை தோன்றியது. போனால் நிலம் போய்விடும். போகவில்லை.

வியாழக்கிழமை உச்சிப்பொழுதில் கீழே கார் சத்தம் கேட்டது. தெய்வசிகாமணி ஓடையில் செருப்பு நனையும் என்று, தனக்கு நன்றாகத் தெரிந்த பழைய வண்டிப்பாதையில் வந்தார். சாட்சிகள் இருவரும் முதல் முள்ளைப் பார்த்ததுமே காருக்குள் உட்கார்ந்துகொண்டார்கள். அவர் மட்டும், தங்கை அழுதுகொண்டிருப்பாள், அதைப் பார்க்காமல் விடுவதா என்ற ஆசையில் குனிந்து நுழைந்து, தவழ்ந்து, புரண்டு, அவள் திருத்திய வெளிக்கு மூன்று ஆள் நீளம் மட்டுமே பாக்கி இருக்கும்போது வேட்டியும் சட்டையும் நாலு பக்கமும் கொக்கி மாட்டி, வலையில் விழுந்த காட்டுப்பன்றி மாதிரி நின்றார். பின்னாலும் போக முடியவில்லை.

"அம்மிணி! ஏ அம்மிணி! வந்து எடுத்து விடு!"

கோகிலாமணி டென்ட்டுக்கு வெளியே வந்து பார்த்தாள். டீ போட்டுக்கொண்டிருந்தாள், டம்ளரோடு வந்தாள்.

"வாங்கண்ணா. சிங்கத்தைப் பாக்க வந்தீங்களா?"

"வெளையாடாத. முள்ளு குத்துது."

அவள் கொடுவாளைப் பிடி முன்னால் வருமாறு ஒரு நீளக் குச்சியில் கட்டி அவரிடம் நீட்டினாள். "உங்க கையால வெட்டீட்டு வாங்க. ஆள் வெக்கக் கூடாது, மிசின் கூடாது."

அவர் திட்டியதையெல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை. பாதி அவர்களுடைய அப்பனுக்கும் பொருந்தும். கடைசியில் வாங்கினார். கொடுவாள் அவர் மேல் ஆசைதீரத் துப்பியது, அவர் வெட்டினார், துப்பியது, வெட்டினார். கொப்புளம் வந்தது. அவள் இரண்டாவது டீயும் குடித்துவிட்டாள். முள்ளுக்கு நடுவே நிற்கிறவனுக்கு வேறு வழியில்லாததால், ஒரு கட்டத்தில் அவரும் கொத்தை இழுத்து அடியில் போட ஆரம்பித்தார்; அதன் பிறகு துப்பும் சத்தம் குறைந்து, வெட்டும் சத்தம் மட்டும் கேட்டது. வெயில் சாயத் தொடங்கியபோது, கிழிந்த வேட்டியும் ஒற்றைச் செருப்புமாக வெளிக்குள் வந்து விழுந்தார். தண்ணீர் குடித்தார். பிறகு பழக்கதோஷத்தில், பேசுவதற்காக உள்ளங்கையைத் தூக்கினார்.

கறை இல்லை. கொப்புளங்கள் உடைந்து, ஒன்றரை வருஷத்துக் கௌரவம் தோலோடு உரிந்து, அடியில் குழந்தைக் கைபோல ரோஸ் நிறம்.

"ஐயோ," என்றார். கொடுவாளைத் தூக்கிப் பிடித்தார். "துப்பு!" கொடுவாள் காறியது, அவரைப் பார்த்தது, விழுங்கியது. தலைகீழாகப் பிடித்தார், இரண்டு விரலால் பிடித்தார், அலகைப் பிடித்துக் கையை அறுத்துக்கொண்டார். "துப்பு சாமி! உன்னைக் கும்பிடறேன், ஒரே ஒரு துப்பு!" அது கையில் கிடந்தது, தூங்கியது.

"அதுக்கென்னுங்கண்ணா, கீழ சந்தை கூடியிருக்குமே. போய் ஒண்ணை எடுத்துப் பாருங்க."

"அத்தனை பேரு முன்னால எடுத்து, அதுவும் துப்பாமப் போயிருச்சுன்னா?" அவர் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "சாயங்காலம் பையனுக்குப் பொண்ணு வீட்டுலருந்து ஒறம்பரை வர்றாங்க அம்மிணி. என்ற கையத்தான் மொதல்ல பாப்பாங்க. கூலிக்காரன் கைன்னு எந்திரிச்சுப் போயிருவாங்க. எப்படியாச்சும் பண்ணு. நீ படிச்சவளாச்சே."

கோகிலாமணி அண்ணனைப் பார்த்தாள். அவர் மேல் வந்திருக்க வேண்டிய இரக்கத்தை உள்ளே தேடிப் பார்த்தாள்; கிடைக்கவில்லை. வரப்போகிற விருந்தாளிகளுக்கென்று வாங்கி அவர் மடியில் செருகியிருந்த வெற்றிலைப் பொட்டலம் பிதுங்கிக்கொண்டு தெரிந்தது.

"மொதல்ல கையெழுத்துங்க," என்றாள். "அப்பறம் நானே துப்பறேன்."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். கோபிக்கப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவள் தன் பையிலிருந்து எடுத்து நீட்டிய நிலப் பேப்பரை வாங்கி முழங்காலில் வைத்து, எரிகிற கையால் பேனாவைப் பிடித்து, மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"திங்கக்கெழமை ரிஜிஸ்டர் ஆபீசுக்கும் வரோணும்."

"அதுக்குள்ள இது வெளுத்துப் போயிருமே?"

"அங்க வெச்சும் ஒண்ணு துப்பறேன்."

"அப்பச் சரி," என்றார், நிம்மதியாக.

அவள் அவர் மடியிலிருந்த பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்து, நிதானமாக மென்றாள். தெய்வசிகாமணி கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி வலது கைக்கு அடியில் இடது கையைக் கொடுத்து ஏந்தினார். துப்பினாள். அவர் கண்ணைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"சித்தெ செவப்பா இருக்குதே அம்மிணி?"

"வெளிநாட்டுத் துப்புங்கண்ணா. அப்படித்தான் இருக்கும்."

அவர் முகம் விளக்குப் போட்டதுபோல ஆயிற்று. "ஃபாரினா!" என்றார். கை கலையாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தான் தவழ்ந்தும் வெட்டியும் வந்த தடத்தில் ஒற்றைச் செருப்போடு இறங்கினார். இறங்கும்போதே கீழே காரைப் பார்த்து அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கத்தினார்.

கார்க் கதவுகள் இரண்டும் திறந்தன. அரிசி மில் முதலாளியும் தாளாளரும், முள் குத்துவதைப் பொருட்படுத்தாமல், ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, உள்ளங்கையை நீட்டியபடி மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்கள். கோகிலாமணி இன்னொரு வெற்றிலையின் காம்பைக் கிள்ளினாள்.